அறுபதுலேர்ந்து நாலுக்கு

கேஸுன்னு வாயைத் திறந்ததுமே நாலு பேரு வயித்தைத் தடவுறீங்க. உங்களுக்குப் போயி ஞானக்கதை சொல்ல வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். பரவால்ல. நீங்க அரியர் வச்சுத் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணுனவங்க. நான் அரியரை அங்கயே வச்சுட்டு எந்திரிச்சு வந்தவன். தெர்மோடைனமிக்ஸ் மட்டும் நாலு தடவை எழுதுனேன். அஞ்சாவது தடவை ஹால் டிக்கெட் வாங்கப் போனப்ப ஆபீஸ் கிளார்க்கே, "தம்பி, வேற ஏதாச்சும் வேலை தெரியுமா"ன்னு கேட்டாரு. அப்பதான் எனக்கே உறைச்சுது.

அப்படி வந்து சேந்த இடம்தான் அந்தக் கேஸ் ஸ்டேஷன். ராமநாதபுரத்துக்குத் தெக்க, கருவேலங்காட்டுக்கு நடுவுல. பூமிக்குள்ளேர்ந்து வர்ற கேஸை அமுக்கிப் பைப்புல தள்ளி விடணும். தள்ளுறதுக்குக் கம்ப்ரஸர். கம்ப்ரஸரை ஓட்ட இஞ்சின். இஞ்சினுக்குச் சாப்பாடும் அதே கேஸுதான்.

இதுல ஒரு சிக்கல். பைப்புல கேஸ் அறுபது கிலோ பிரஷர்ல வருது. இஞ்சினுக்கு வேண்டியது நாலு. அறுபதை அப்படியே ஊட்டுனா இஞ்சின் ராமேஸ்வரத்துல போயித்தான் விழும். அதனால நடுவுல ரெகுலேட்டர் வச்சுப் பிரஷரை எறக்கணும். உங்க வீட்டு சிலிண்டர் தலையில ஒண்ணு உக்காந்திருக்குல்ல, அதோட பெரியப்பான்னு வச்சுக்கங்க.

இப்ப ஆளுங்களைச் சொல்றேன். சிஷ்யர் பேரு தவசிமுத்து. வயசு அம்பத்திநாலு. பட்டாளத்துல சுபேதாரா இருந்து ரிடையர் ஆனவரு. குரு பேரு சகாயராணி. வயசு முப்பத்தொண்ணு. ஐ.டி.ஐ. முடிச்ச டெக்னீஷியன். மாத்திச் சொல்லிட்டான்னு பாக்குறீங்க. மாத்தல. சரியாத்தான் சொல்றேன்.

தவசிமுத்து சார்தான் ஸ்டேஷன் இன்சார்ஜ். பட்டாளத்துல எறநூறு பேரை ஓட விட்டவரு. வெளிய வந்து நாலு வருசம் ஒரு பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நின்னாரு. அங்க அவரு பேச்சைக் கேட்டது அந்தத் துப்பாக்கி மட்டும்தான். அப்புறம் கெடச்ச வேலை இது. அவருக்குக் கீழ என்னையும் சேத்து நாலு ஆபரேட்டர், ஒரு டெக்னீஷியன். நாலு பேரா இருந்தாலும் எறநூறு பேருக்குக் கத்துற மாதிரியே கத்துவாரு. நாங்க எறநூறு பேரு மாதிரி நடுங்குவோம்.

மார்கழி பொறந்த அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது. ஸ்டேஷன்ல ரெண்டு இஞ்சின். ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் வேலை நடக்குது. ஓடுறது ஒண்ணுதான். காலையில ஆறு மணிக்கு அது ரெண்டு தடவை இருமுச்சு, மூணாவது இருமல்ல நின்னு போச்சு. சார் குவார்ட்டர்ஸ்லேர்ந்து ஓடி வந்து பாத்தா, இஞ்சின் ஷெட்டு ரெகுலேட்டர் மேல வெள்ளை வெளேர்னு பனிக்கட்டி. ராமநாதபுரத்துல பனிக்கட்டி. எங்கூர்ல பனிக்கட்டிய மீன் பெட்டியில பாக்கலாம், ஜூஸ் கடையில பாக்கலாம். பைப்புல யாரும் பாத்ததில்ல.

சுடுதண்ணி ஊத்துனோம். கரைஞ்சுது. இஞ்சின் ஓடுச்சு.

மறுநாள் ஆறு மணி. மறுபடி நின்னுச்சு. மூணாம் நாளும்.

மூணாம் நாள் மேனேஜர் போன் பண்ணாரு. ஸ்பீக்கர்ல போட்டதால எங்களுக்கும் கேட்டுச்சு.

"தவசிமுத்து, இன்னும் ஒரே ஒரு தடவை நின்னுச்சுன்னா வேற இன்சார்ஜ் வருவாரு. நீங்க பழைய வேலைக்கே போயிக்கலாம்."

சார் போனை வச்சுட்டுச் சொவத்தைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. பேங்க் வாசல்ல அப்படித்தான் நின்னிருப்பாரு போல.

அப்புறம் மெதுவா சகாயராணி அக்கா உக்காந்திருந்த இடத்துக்குப் போனாரு. அக்கா ஒரு மீட்டரைப் பிரிச்சுத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. அது அதிகம் பேசாது. பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வரும். அதும் யோசிச்சுத்தான் வரும்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். கேஸை யாரும் பிரிட்ஜுல வைக்கல. வெளியவும் அப்படி ஒண்ணும் குளிரல. அப்பறம் பனிக்கட்டி எங்கேர்ந்து வருது?"

அக்கா மீட்டரைக் கீழ வச்சுது. எந்திரிச்சு வெளிய போச்சு. சாரோட புல்லட் வாசல்ல வெயில்ல நிக்குது. அக்கா முன் டயர்கிட்ட உக்காந்து மூடியைக் கழட்டி, உள்ள இருக்குற ஊசியை ஒரு குச்சியால அமுக்குச்சு. புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு.

"விரலைக் காட்டுங்க சார்."

சார் காட்டுனாரு. "சில்லுனு இருக்கு."

"டயரு?"

"வெயில்ல நின்ன டயரு. சுடுது."

"நடுவுல யாராச்சும் ஐஸ் வச்சாங்களா?"

"இல்ல."

அக்கா குச்சிய எடுக்கவே இல்ல. டயர் சப்புன்னு போற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. சார் தடுக்கணுமா வேண்டாமான்னு தெரியாம விரலை நீட்டுனபடியே நின்னாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சேன். நேரா சிரிச்சா நம்ம டயரையும் எறக்கிருவாரு.

"நெருக்கி வச்சிருந்ததைத் தொறந்து விட்டா அது விரியும் சார். விரியறதுக்குச் சூடு வேணும். வெளியேர்ந்து யாரும் குடுக்கலைன்னா, தன் சூட்டையே எடுத்துக்கும்."

"எவ்வளவு?"

"ஒரு கிலோ எறங்குனா அரை டிகிரி."

சார் தரையில குச்சியால கணக்குப் போட்டாரு. அறுபதுலேர்ந்து நாலுக்கு எறங்குனா அம்பத்தாறு. அதுல பாதி இருபத்தெட்டு. "விடியக்காலையில கேஸ் என்ன சூட்டுல வருது?"

"இருபத்தாறு."

"அப்ப மைனஸ் ரெண்டா?"

"கேஸுக்குள்ள கொஞ்சூண்டு ஈரம் எப்பவும் இருக்கும். அது உறைஞ்சு தொண்டையை அடைக்குது."

எனக்கு வயிறெரிஞ்சுது. நாலு தடவை பரீட்சை எழுதுன விசயம். வாத்தியார் போர்டு நெறைய கிரேக்க எழுத்தா எழுதுனாரு. ஒரு டயர் காத்தைப் புடுங்கியிருந்தா நான் இன்னிக்கு இஞ்சினியர்.

சார் அன்னிக்கே நடவடிக்கையில எறங்கிட்டாரு. பட்டாளத்து ஆளு, பிரச்சனை எங்க தெரியுதோ அங்கயே அடிப்பாரு. பனிக்கட்டி ரெகுலேட்டர் மேல தெரியுது, அப்ப ரெகுலேட்டரைத்தான் சூடாக்கணும். மொதல்ல சாக்கு சுத்துனாரு. அதும் பத்தாதுன்னு குவார்ட்டர்ஸ்லேர்ந்து பட்டாளத்துக் கம்பளியை எடுத்துட்டு வந்து போத்தி, கயிறு கட்டி விட்டாரு. பாக்க, சபரிமலைக்குப் போற சாமி குளிர்ல குந்தியிருக்குற மாதிரி இருந்துச்சு. என் ஷிஃப்ட் ஆளு அருளப்பன் கிட்டக்கப் போயி, "ரெகுலேட்டரண்ணே, கஷாயம் ஏதாச்சும் வேணுமா"ன்னு கேட்டான்.

சார் அக்காவைக் கூப்புட்டுக் காட்டுனாரு. "எப்படி?"

"கம்பளி யாருக்கும் சூடு குடுக்காது சார். உள்ள இருக்குற சூட்டைத்தான் காப்பாத்தும்."

"சரி."

"உள்ள எதுவும் இல்லையே."

சார் கம்பளியை அவுத்து மடிச்சு வச்சாரு. மடிச்ச மடிப்பு மட்டும் ஒரு சுருக்கம் இல்ல. "அப்ப நெருப்பு காட்டலாமா? வெல்டிங் செட்டுல கேட்டா…"

அக்கா கேஸ் பைப்பைப் பாத்துச்சு, சாரைப் பாத்துச்சு. சாரும் கேஸ் பைப்பைப் பாத்தாரு. "வேண்டாம்"ன்னு அவரே சொல்லிக்கிட்டாரு. நல்லவேளை. இல்லாட்டி இந்தக் கதையை உங்களுக்கு வேற ஆளுதான் சொல்லணும். எனக்கு மாலை போட்டுட்டு.

நாலாம் நாள் காலையில இஞ்சின் நிக்கல. ஆனா நடுங்குச்சு. நாலு குடம் சுடுதண்ணி தயாரா வச்சிருந்ததால தப்பிச்சோம்.  மத்தியானம் சார் மறுபடி அக்காகிட்டப் போனாரு.

"ஒரேயடியா கேக்கறேன்மா. சூடு போகாம பிரஷரை எறக்குறது எப்படி?"

அக்கா கையில இருந்த துணியை மடிச்சு வச்சுது. அப்பறம் சொல்லுச்சு.

"எங்க மாமா சங்கு குளிக்கப் போவாரு சார். படகுல கம்ப்ரஸர் ஓடும். டியூபைக் கடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள போவாரு. இருவது பாகம், நூத்திருவது அடிக்குக் கீழ. ரொம்ப நேரம் கெடப்பாரு."

"சரி."

"மேல வர்றப்ப பாதியில நின்னு, கயித்தைப் புடிச்சுக்கிட்டு மிதந்து, அப்பறம்தான் வரணும். கீழ அவ்வளவு பிரஷர். மேல ஒண்ணுமில்ல. ஒரு நாள் ஒரே மூச்சுல மேல வந்துட்டாரு."

"ஏன்?"

"மேல படகுல மீன் வறுத்தாங்களாம். வாசம் வந்துச்சாம்."

"கடலுக்கடியில வாசமா?"

"அவரு அப்படித்தான் சொல்றாரு. ஆறு மாசம் கால் வரல."

சார் யோசிச்சாரு. அவரு யோசிக்கிறப்ப மீசையைத்தான் புடிச்சுக்குவாரு, ஸ்டியரிங் மாதிரி. "நடுவுல நின்னு வரணும்ங்குற. ஆனா இங்க அப்படித்தானே கட்டியிருக்கு?" ரூமுக்குள்ள போயி ஸ்டேஷன் படத்தை எடுத்துட்டு வந்து மேஜையில விரிச்சாரு. "இங்க பாரு. மொத ரெகுலேட்டர், வேலியோரமா கேபின்கிட்ட. அறுபதை இருபதாக்குது. அங்கேர்ந்து கேஸ் இந்த டிரம்முக்குள்ள சுருள் பைப்புல போகுது. டிரம்முல இஞ்சின் சுடுதண்ணி. நல்லா சூடாயிட்டு இஞ்சின் ஷெட்டுக்கு வருது. அங்க ரெண்டாவது ரெகுலேட்டர், இருபதை நாலாக்குது. நடுவுல நிக்குது, சூடும் ஏறுது. அப்பறம் எப்படி உறையும்?"

"உறையக் கூடாது."

"உறையுதே."

"இது படத்துல இருக்கு சார். பைப்பைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"சாயங்காலம் தொட்டுப் பாத்தேன். கை வைக்க முடியல, அவ்வளவு சூடு."

"சாயங்காலம் நிக்கலையே."

சார் படத்தைச் சுருட்டுனாரு. 

அஞ்சாம் நாள். விடிஞ்சும் விடியாத நேரம், அஞ்சே முக்கால் இருக்கும். யாருக்கும் சொல்லாம அக்காவும் சாரும் வந்துட்டாங்க. நான் அப்ப கேபினுக்குப் பின்னாடி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன். ஏன்னு இப்பக் கேக்காதீங்க. அங்கேர்ந்து எல்லாம் தெரிஞ்சுது, அதான் முக்கியம்.

அக்கா டிரம்மைத் தாண்டி வர்ற பைப்புல சாரோட கையைப் புடிச்சு வச்சுது.

சார் கையை எடுக்கல. "ஜில்லுனு இருக்கு."

"நடு மீட்டரைப் பாருங்க."

"இருபது இருக்கணும்." சார் டார்ச் அடிச்சாரு. "அறுபது காட்டுது."

ரெண்டு பேரும் கீழ பாத்தாங்க. மொத ரெகுலேட்டரையும் டிரம்மையும் சுத்திக்கிட்டு ஒரு சின்னப் பைப்பு போகுது. பைபாஸு. ரெகுலேட்டரைக் கழட்டி வேலை பாக்குற அன்னிக்கு மட்டும் தொறக்குறதுக்காக வச்சது. அதோட கைப்பிடி பைப்புக்குக் குறுக்கால நின்னா மூடியிருக்குன்னு அர்த்தம். நீட்டுவாக்குல படுத்திருந்தா தொறந்திருக்கு.

படுத்திருந்துச்சு.

அந்நேரம் பாத்து இஞ்சின் இருமுச்சு.

சார் ஒரே எட்டுல பாஞ்சு கைப்பிடியைப் புடிச்சாரு. அக்கா அவரு மணிக்கட்டைப் புடிச்சுது.

"விடும்மா. நின்னுடும்."

"ஒரேயடியா மூடுனா இப்பவே நின்னுடும். மொத ரெகுலேட்டர் இன்னும் முழிக்கல."

இஞ்சின் ஆயிரம் சுத்துல ஓடணும். அறுநூத்தம்பதுக்குக் கீழ போனா தானா நின்னுடும். ஷெட்டுக்குள்ளேர்ந்து அருளப்பன் கத்துறான், எண்ணூறு, எழுநூத்தெம்பதுன்னு. ஏலம் மாதிரி. ஆனா எறங்குற ஏலம்.

"கொஞ்சமா மூடுங்க. பத்து எண்ணுங்க. அப்பறம் கொஞ்சம்."

சார் மூடுனாரு. எண்ணுனாரு. பட்டாளத்துல எண்ணுற மாதிரி ஹிந்தியில எண்ணுனாரு. 

"எழுநூத்திருபது," அருளப்பன்.

"இன்னும் கொஞ்சம் சார்."

ஏக், தோ, தீன்.

"அறுநூத்துத் தொண்ணூறு."

"எண்ணிக்கிட்டே இருங்க."

மொத ரெகுலேட்டர் லேசா முனகுச்சு, அப்பறம் நீளமா விசிலடிச்சுது. டிரம்முக்குள்ளேர்ந்து கேஸ் சூடா கெளம்பிப் போகுது. ஷெட்டுல ரெண்டாவது ரெகுலேட்டர் மேல இருந்த வெள்ளைப் பூச்சு சொட்டுச் சொட்டா ஒழுக ஆரம்பிச்சுது. அருளப்பன் கொஞ்ச நேரம் கத்தவே இல்ல. சார் எண்ணுறதை நிறுத்தல. முப்பதைத் தாண்டிப் போயிட்டாரு.

"எழுநூத்தம்பது," அருளப்பன் கொரல் ஒடைஞ்சு வந்துச்சு. "எண்ணூறு. சார், ஏறுது சார். ஆயிரம்."

சார் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு. வேலை தப்பிச்சுது. பேங்க் வாசல் தப்பிச்சுது. அந்த மனுசன் சிரிச்சதை அன்னிக்குத்தான் மொதத்தடவை பாத்தேன். பல்லு நல்ல வரிசையா இருந்துச்சு. அணிவகுப்பு மாதிரி.

அந்தச் சிரிப்பு ஒரு நிமிசம்தான். எந்திரிச்சாரு. ஆறு மணி, ஷிஃப்ட் மாறுற நேரம். போற ரெண்டு பேரு, வர்ற ரெண்டு பேரு, நாலு பேரும் அங்க இருக்கோம்.

"லைன்ல நில்லு."

நின்னோம்.

"பைபாஸைத் தொறந்தது யாரு?"

சத்தமில்ல.

"கேக்குறேன்ல. யாருடா தொறந்தது?"

கருவேலமரத்துல இருந்த காக்கா பறந்து போச்சு. எங்கள்ல ஒருத்தன் வாயும் தொறக்கல. அருளப்பன் வானத்தைப் பாக்குறான், மழை வருமான்னு பாக்குற மாதிரி. வர்ற ஷிஃப்ட்டு ரெண்டு பேரும் ஒருத்தன் செருப்பை ஒருத்தன் பாக்குறாங்க. நான் எங்க பாத்தேன்னு எனக்கே ஞாபகமில்ல.

சார் மூணாவது தடவை கேட்டாரு. அது பரமக்குடி வரைக்கும் கேட்டிருக்கும். எங்களுக்கு நாக்கு இன்னும் உள்ள போயிருச்சு.

அவரு மூச்சு வாங்கிக்கிட்டு அக்கா பக்கம் திரும்புனாரு. "பாத்தியாம்மா. இவ்வளவு கத்துறேன். ஒருத்தன்கிட்டேர்ந்தும் ஒரு வார்த்தை வரல. எப்படித்தான் வர வைக்கிறது?"

அக்கா துணியில கையைத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. நிமிந்து கூடப் பாக்கல.

"ஆறு டீ வாங்கிட்டு வாங்க சார்."

"தப்புப் பண்ணவனுக்குமா?"

"அவனைச் சேத்துத்தான் ஆறு."

 சார் அக்காவையே பாத்தாரு. பைபாஸ் கைப்பிடியைப் பாத்தாரு. அப்பறம் எங்க நாலு பேரையும், வரிசையா இல்லாம ஒவ்வொருத்தனா, மொகத்தைப் பாத்தாரு.  தொப்பியைப் போட்டுக்கிட்டு புல்லட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு.

டீக்கடை ரெண்டு கிலோமீட்டர். திரும்பி வர்ற வரைக்கும் நாங்க கலையவே இல்ல. போன்னு யாரும் சொல்லல, ஆனா போகத் தோணல. பிளாஸ்க்கோட வந்தாரு. ஒவ்வொரு கிளாஸா அவரே ஊத்தி அவரே குடுத்தாரு. அருளப்பனுக்குக் குடுத்தாரு. மத்த ரெண்டு பேருக்கும் குடுத்தாரு. கடைசியா என்கிட்ட வந்தாரு.

"குடி வில்வா"ன்னாரு. "குளிர்ல நின்னிருக்க."

அவருக்கு என் பேரு தெரியும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் "ஏய்".

கிளாஸு பாதி கூட எறங்கல. "நான்தான் சார்"னு சொல்லிட்டேன்.

ஆமாய்யா. பைபாஸைத் தொறந்தவன் நான்தான். எனக்கு நிச்சயம் பண்ணுன நாகஜோதி மார்கழி ஒண்ணுலேர்ந்து விடியக்காலையில அஞ்சரை பஸ்ல மதுரைக்கு வேலைக்குப் போவா. அவ பஸ்ல உக்காந்து போன்ல பேசுற அரை மணி நேரம்தான் எங்களுக்கு. அந்த மொத ரெகுலேட்டர் விசிலடிக்கிற சத்தத்துல அவ பேசுறது ஒண்ணும் கேக்கல. அதனால பேசி முடிக்கிற வரைக்கும் தொறந்து வச்சேன், முடிஞ்சதும் மூடுனேன். டயரு சப்புன்னு போன அன்னிக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு, என்னாலதான் உறையுதுன்னு. அந்த மனுசன் வேலை போகப் போகுதுன்னும் தெரியும். தெரிஞ்சேதான் அடுத்த ரெண்டு நாளும் தொறந்தேன்.